அத்தியாயம் 5: கோர்ட்டுக் கட்டும் கங்காணி வழியும்

மொரீஷியஸிலும் நத்தாலிலும் ஃபிஜியிலும் முன்னோரைத் தேடுகிற தமிழருக்கு ஒரு வசதி உண்டு. ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவருக்கு அங்கே ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணைப் பிடித்தால் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதிய சீட்டு கிடைத்துவிடும். நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு வந்த தமிழரில் பெரும்பாலோர் அந்த வழியில் வந்தவர்கள் அல்லர். அவர்களைக் கங்காணி கூட்டி வந்தார். மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை ஓங்கிவிட்டது. கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தட்டினால் கப்பலும் தேதியும் ஊரும் வந்து விழுகிற ஒரே பதிவேடு நமக்குக் கிடையாது.

இதைக் கேட்டதும் பலர் தேடலையே விட்டுவிடுகிறார்கள். "நமக்கு ஏதுங்க ஆவணம், எல்லாம் கைநாட்டு ஆளுங்க" என்ற பேச்சைத் தோட்டத்துக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கலாம். கைநாட்டு வைத்தவருக்கும் ஆவணம் உண்டு. கப்பலில் எழுதப்படாத பெயர் வேறு இடங்களில் எழுதப்பட்டது: அவர் தோட்டத்தை விட்டு ஓடியபோது, அடிதடியில் சிக்கியபோது, செட்டியாரிடம் கடன்பட்டபோது, திடீரென்று இறந்தபோது, அவர் மனைவி ஜீவனாம்சம் கேட்டபோது. எழுதிய இடம் பெரும்பாலும் கோர்ட்டு. முந்தைய அத்தியாயத்தில் வீட்டுப் பெட்டிகளையும் வயதானவர்களின் நினைவையும் துழாவினோம். இங்கே கோர்ட்டுக் கட்டுகளையும், ஆட்கள் வந்த வழியையும் சேர்த்துப் படிக்கப் போகிறோம். கோர்ட்டுக் காகிதம் ஒரு மனிதரை ஒரு நாளில் ஓர் இடத்தில் நிறுத்திக் காட்டும். அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதை அவரோடு வந்த கூட்டம் காட்டிக்கொடுக்கும்.

முதலில் தோட்டம்

கோர்ட்டுக்குப் போவதற்கு முன் தோட்டத்தின் பெயர் உறுதியாகத் தெரிய வேண்டும். "சிரம்பான் பக்கம்" என்பது போதாது. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று தெரிந்தால்தான் எந்த மாவட்டம், எந்தக் கோர்ட்டு என்று சொல்ல முடியும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தோட்டத்து மக்கள் தமிழில் வழங்கிய பெயர் ஒன்று, கம்பெனி எழுதிய பெயர் வேறொன்று. பாட்டி "செட்டித் தோட்டம்" என்பார், "பழைய தோட்டம்" என்பார், துரை ஒருவரின் பெயரைத் திரித்துச் சொல்வார். அந்தப் பெயரைக் கேட்டபடியே எழுதி வையுங்கள். பிறகு பக்கத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள்: எந்தச் சடக்கு, எந்த ரயில் நிறுத்தம், சம்பளத்தன்று எந்தப் பட்டணத்துக்குப் போவார்கள், பெரிய ஆஸ்பத்திரி எங்கே இருந்தது. ரந்தாவ் கடைத்தெருவுக்குப் போனவர்களின் தோட்டமும் லுக்குட் கடைத்தெருவுக்குப் போனவர்களின் தோட்டமும் ஒன்றாக இருக்க வாய்ப்பு குறைவு. பழைய நில அளவை வரைபடத்தில் அந்தப் பட்டணத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களை ஒவ்வொன்றாகப் பெரியவர்களிடம் படித்துக் காட்டினால், சரியான பெயர் வரும்போது அவர்களே நிறுத்துவார்கள்.

தோட்டம் அழிந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். நீலாய், லாபு, செண்டாயான் பக்கங்களில் பால்மரம் நின்ற இடங்களில் இன்று தாமான்களும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. ஆனாலும் தமிழ்ப்பள்ளிகள் பழைய பெயர்களைச் சுமந்து நிற்கின்றன: லின்சம், பிராட்வால், கெர்பி, சுவா பெத்தோங், பத்தாங் பெனார், கெடிஸ். பள்ளி வேறிடத்துக்கு மாறியிருந்தாலும் பெயர் மாறவில்லை. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் மாணவர் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி இருக்கும். தலைமையாசிரியரிடம் மரியாதையாக ஒரு கடிதம் கொடுத்துக் கேளுங்கள். பழைய பதிவேடு அலமாரியில் இருந்தால், பெரும்பாலானவர்கள் மனமுவந்து உதவுவார்கள்.

மாநிலத்தின் வரலாறும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கோப்புகள் அதன்படிதான் அடுக்கப்பட்டிருக்கின்றன. சுங்கை ஊஜோங் 1874 முதல் தனியாகப் பிரிட்டிஷ் ஆதிக்கத்தில் இருந்தது. 1895இல்தான் சுங்கை ஊஜோங்கும் ஜெலுபுவும் மற்றப் பகுதிகளோடு சேர்ந்து இன்றைய நெகிரி செம்பிலான் ஆயிற்று. மறு ஆண்டு அது மலாய்க் கூட்டு மாநிலங்களில் ஒன்றானது. ஆக, உங்கள் முன்னோர் 1880களில் லின்சம் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு வந்தவர் என்றால், அவரைச் "சுங்கை ஊஜோங்" என்ற தலைப்பில் தேட வேண்டும். மேற்குப் பக்கத் தோட்டங்கள் பழையவை. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891இலேயே ரயில் ஓடியது. முதலில் காப்பி, அதன் விலை சரிந்ததும் ரப்பர். கிழக்கே பகாவ் வரை ரயில் போனது 1910இல். அந்தப் பக்கத்துப் பெரிய தோட்டங்கள் பல அதன் பின்னரே வளர்ந்தன. குடும்பம் பகாவில் நூற்றிருபது ஆண்டாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதற்கு முன் வேறு தோட்டத்தில் இருந்தார்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். தோட்டம் மாறுவது அன்று சாதாரணம்.

அடையாளக் கார்டிலிருந்தும் ஒரு குறிப்பு கிடைக்கும். பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். நெகிரி செம்பிலானுக்கு 05. ஆனால் தேதியைக் கண்மூடி நம்பக் கூடாது. 1948இல் அவசரகாலத்தில் முதன்முதலாக அடையாளக் கார்டு கொடுத்தபோது வரிசையில் நின்ற பலருக்குத் தங்கள் பிறந்த தேதி தெரியாது. ஜனவரி 1 என்று கண்டால் அது மதிப்பீடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கோர்ட்டுக்குள்

தோட்டம் தெரிந்ததும் அது எந்த மாவட்டத்தில் இருந்தது என்று பாருங்கள். சிரம்பான், போர்ட்டிக்சன், கோலப்பிலா, தம்பின், ரெம்பாவ், ஜெலுபு: ஒவ்வொன்றுக்கும் மாவட்ட அலுவலகமும் மாஜிஸ்திரேட் விசாரணையும் இருந்தன. போருக்கு முன் நிர்வாகமும் நீதியும் இன்று போல் முழுக்கப் பிரிந்திருக்கவில்லை. மாவட்ட அதிகாரியே மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்து வழக்குக் கேட்டதுண்டு. அதனால் கோர்ட்டுக் கோப்பு அகப்படாவிட்டால் அதே மாவட்ட அலுவலகக் கோப்புகளைக் கேளுங்கள். கோலாலம்பூரில் உள்ள ஆர்க்கிப் நெகாராவில் நெகிரி செம்பிலான் செயலகக் கோப்புகளும் மாவட்ட அலுவலகக் கோப்புகளும் இருக்கின்றன. இணையத்தில் உள்ள அதன் தேடுகருவியில் தோட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் இட்டுப் பாருங்கள். ஆள் பெயரை இட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது, ஏனென்றால் கோப்பின் தலைப்பில் தோட்டமும் விஷயமும்தான் எழுதப்பட்டிருக்கும், கூலிக்காரரின் பெயர் உள்ளே இருக்கும். பிற்கால வழக்குகளுக்குச் சிரம்பான் உயர் நீதிமன்றப் பதிவகத்தையோ அந்தந்த மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தையோ அணுக வேண்டும். முடிந்தவரை வழக்கு எண் தெரியாமல் போகாதீர்கள். எண் இல்லாவிட்டாலும் ஆண்டும் இரு தரப்புப் பெயரும் கையில் இருக்க வேண்டும்.

இனி எந்த வகை வழக்கில் என்ன கிடைக்கும் என்று பார்ப்போம்.

தோட்டத்தை விட்டு ஓடியது. இதில்தான் நம்மவர் பெயர்கள் கூட்டமாக வரும். நோட்டீஸ் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போவதும், அனுமதியின்றி வேலைக்கு வராததும் அன்று குற்றம். துரையின் புகாரின் பேரில் ஆளைப் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி அபராதமோ சிறையோ விதித்தார்கள். 1920களின் தொடக்கத்தில்தான் இந்தத் தண்டனைப் பிரிவுகள் நீக்கப்பட்டன. இந்த வழக்குகளில் ஆளின் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், யார் சாட்சி சொன்னார் என்பவை பதிவாகும். கங்காணியே சாட்சியாக நின்றிருக்கலாம். அப்படியானால் உங்கள் முன்னோர் எந்தக் கங்காணியின் கீழ் இருந்தார் என்பது ஒரே காகிதத்தில் தெரிந்துவிடும். ஊரைத் தேடும்போது அந்தப் பெயர் பெரிதும் உதவும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாத்தாவின் பெயருக்கு எதிரே "குற்றவாளி" என்று எழுதியிருப்பதைக் கண்டு சில குடும்பங்கள் காகிதத்தை மடித்து வைத்துவிடுகின்றன, பிள்ளைகளிடம் காட்டுவதில்லை. மறைக்க வேண்டாம். காய்ச்சலில் கிடந்தவரையும் பெரட்டுக்கு வரவில்லை என்று கூண்டில் ஏற்றிய சட்டம் அது. சம்பளம் பிடித்துக்கொண்ட தோட்டத்தை விட்டு இரவோடு இரவாகப் பெண்டாட்டி பிள்ளைகளோடு நடந்து போன மனிதர், தன் குடும்பத்தைக் காப்பாற்றவே போனார். அவர் சொன்ன வாக்குமூலம் இரண்டே வரியாக இருந்தாலும், அவர் வாயிலிருந்து வந்து எழுத்தில் நிலைத்த சொல் உங்கள் குடும்பத்தில் வேறு எதுவும் இல்லாமல் இருக்கலாம். அதை முழுதாகப் படியெடுங்கள்.

இதற்கு நெருங்கியது ஆள் கலைப்பது பற்றிய வழக்கு. ஒரு தோட்டத்து ஆட்களை இன்னொரு தோட்டத்துக் கங்காணி ஆசை காட்டி இழுத்துப் போனதாகத் துரைமார் புகார் கொடுத்தார்கள். இப்படிப் போன கூட்டத்தில் அண்ணன் தம்பி, மைத்துனர், அத்தை மகன் என்று உறவே சேர்ந்து போயிருக்கும். பெயர்ப் பட்டியல் அகப்பட்டால் அதைக் குடும்பப் பட்டியலாக நினைத்துப் படியுங்கள்.

மரண விசாரணை. மரம் விழுந்து, பாம்பு கடித்து, ஆற்றில் மூழ்கி, தூக்கில் தொங்கி, காரணம் தெரியாமல் இறந்தவர்களுக்கு மாஜிஸ்திரேட் விசாரணை நடந்தது. இறந்தவரை அடையாளம் காட்டியவர் யார், அவருக்கு என்ன உறவு என்பது இந்தக் கோப்பின் முதல் பக்கங்களிலேயே இருக்கும். "நான் இவருடைய பெரியப்பா மகன், ஒரே ஊர்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. வேலையில் இறந்தவர் என்றால் நஷ்ட ஈட்டுக் கோப்பும் உண்டா என்று பாருங்கள். தொழிலாளர் நஷ்ட ஈட்டில் வாரிசுகளைக் குறித்தாக வேண்டும். இந்தியாவில் இருந்த தாயோ மனைவியோ அதில் விலாசத்தோடு வரக்கூடும். 1951இல் ஈ.பி.எஃப். தொடங்கிய பின் வேலை செய்தவர்களுக்கு அங்கேயும் வாரிசுப் பெயர் இருக்கும்.

கடன் வழக்கு. செட்டியார் கிட்டங்கியிலோ கடையிலோ நோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கியவர்கள் பெரும்பாலும் கங்காணி, தண்டல், கடைக்காரர், மாட்டுவண்டிக்காரர். சாதாரண வெட்டுக்காரர் இதில் அரிது. நோட்டில் வாங்கியவரின் தகப்பன் பெயரும் சில சமயம் ஊரும் இருக்கும்.

ஜீவனாம்சம். பெண்களைத் தேடுகிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. தோட்டத்துப் பெண்கள் ஆண்களோடு சமமாக வெட்டுக்குப் போனார்கள், ஆனால் பதிவேடுகளில் "இன்னாருடைய மனைவி" என்று சுருங்கிப் போனார்கள். விட்டுப் போன கணவரிடம் ஜீவனாம்சம் கேட்டு வந்த மனுவில் அந்தப் பெண் தன் பெயரோடு, தன் கதையோடு நிற்கிறாள்: எங்கே கல்யாணம், யார் முன்னிலையில், எத்தனை பிள்ளைகள். கோயிலில் தாலி கட்டிய கல்யாணங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்யும் சட்டம் 1982 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பல கல்யாணங்களுக்கு இந்த மனுக்களைத் தவிர வேறு எழுத்து இல்லை.

சொத்து வழக்குகள் தோட்டத்து மக்களுக்குக் குறைவுதான், ஆனாலும் கேட்டுப் பாருங்கள். தபால் நிலையச் சேமிப்பு, தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கப் பங்கு, பட்டணத்தில் ஒரு துண்டு நிலம் என்று ஏதாவது இருந்திருந்தால் வாரிசுரிமைக் கோப்பு உண்டு. சிறு சொத்துகளை 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நில அலுவலகமே பிரித்துக் கொடுக்கிறது. அங்கே கேட்க வேண்டும், உயர் நீதிமன்றத்தில் அல்ல. மனுவில் எல்லா வாரிசுகளையும் வயதோடு எழுதியிருப்பார்கள். சிறு வயதில் இறந்த பிள்ளைகள் மட்டும் இதில் வரமாட்டார்கள்.

சயாம் போனவர்கள். 1942 முதல் ஜப்பானியர் தோட்டங்களிலிருந்து தமிழரை சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். நெகிரி செம்பிலான் லயங்களும் தப்பவில்லை. பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. இறப்புப் பத்திரம் இல்லை, சமாதி இல்லை. ஆனால் பிற்காலத்தில் சொத்தோ ஓய்வுப் பணமோ பெற வேண்டிய நிலை வந்தபோது சில குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போயின. ஏழாண்டுகள் தகவல் இல்லாதவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படி ஒரு மனு இருந்தால், எந்த மாதம் எந்த லாரியில் யார் யாரோடு போனார் என்பதை உறவினர் சத்தியம் செய்து சொல்லியிருப்பார்கள். உங்கள் வீட்டில் சயாம் போன ஒருவர் இருந்தால், மனு உண்டா இல்லையா என்று தெரியும் முன்பே, உயிரோடு இருக்கும் பெரியவர் சொல்வதை இன்றே பதிவு செய்யுங்கள். இந்த நூலில் நான் அவசரப்படுத்துகிற ஒரே வேலை இது.

வீட்டிலேயே ஒரு கோர்ட்டுக் காகிதம் இருக்கலாம்: சத்தியப் பிரமாணக் கடிதம். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாளக் கார்டில் ஒரு பெயர் என்று இருந்தவர்களும், தாமதமாகப் பிறப்பைப் பதிந்தவர்களும், குடியுரிமைக்கு மனுப் போட்டவர்களும் இதை எழுதி வாங்கியிருப்பார்கள். "நான் இன்ன தோட்டத்தில் இன்ன ஆண்டில் பிறந்தேன், என் தாய் இன்னார்" என்ற வாசகம் இதில் அப்படியே இருக்கும்.

கோப்பு கிடைக்காத இடத்தில் பத்திரிகை உதவும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிப்யூன் இரண்டிலும் சிரம்பான் வழக்குச் செய்திகள் வந்தன; 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அங்கே இருக்கிறது. இங்கும் தோட்டப் பெயரை இட்டுத் தேடுங்கள். ஆங்கில ஏடுகள் நம்மவர் பெயரை விட்டுவிட்டு "ஒரு தமிழ்க் கூலி" என்று மட்டும் எழுதின. தேதியும் தோட்டமும் ஒத்துப்போனால் அந்தப் பெயரில்லாத மனிதர் உங்களவராக இருக்கலாம். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு கோப்பைத் தேடுங்கள்.

ஒரே ஆள், ஐந்து எழுத்து

கோர்ட்டில் தமிழ் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்ல, குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். தோட்ட ஆபீசில் எழுதிய கிராணி யாழ்ப்பாணத்தவராகவோ மலையாளியாகவோ இருந்தார். அவர் உச்சரிப்புக்கு ஏற்ப எழுத்தும் மாறியது. சுப்பையாவும் முனியாண்டியும் லெட்சுமியும் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு விதமாக நிற்பார்கள். தேடத் தொடங்கும் முன் உங்கள் முன்னோர் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒற்றை இரட்டித்தும் இரட்டிக்காமலும், கடைசி எழுத்தை மாற்றியும், பெயரை இரண்டாகப் பிரித்தும் எழுதிப் பாருங்கள்.

மலேசியக் காகிதங்களில் தகப்பன் பெயருக்கு முன் இன்று "அனாக் லெலாகி", "அனாக் பெரம்புவான்" என்பவற்றின் சுருக்கம் வருகிறது. பழையவற்றில் ஆங்கிலச் சுருக்கம். இரண்டு பெயருக்கு நடுவே சுழிக்குறி (@) இட்டிருந்தால் இரண்டும் ஒருவரே. அந்த இரண்டாம் பெயரை அலட்சியம் செய்யாதீர்கள். லயத்தில் கூப்பிட்ட பெயர் அதுவாக இருக்கலாம், சாமிக்கு நேர்ந்து வைத்த பெயராகவும் இருக்கலாம். சாமி பெயர் என்றால் குலதெய்வம் நோக்கிக் கை காட்டுகிறது.

பெயர் ஒத்துப்போனால் மட்டும் ஆள் ஒத்துப்போனதாகக் கொள்ளக் கூடாது. ஒரு தோட்டத்தில் மூன்று மாரிமுத்து இருந்திருப்பார்கள். பெயர், தகப்பன் பெயர், தோட்டம், காலம் என்ற நான்கில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும். பொருந்தாததைக் குடும்ப மரத்தில் பென்சிலால் எழுதுங்கள்.

கூட்டம் வந்த வழி

கங்காணி தெருவில் கண்டவர்களையெல்லாம் அழைத்து வரவில்லை. தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவரைத் துரை உரிமச் சீட்டோடு ஊருக்கு அனுப்பினார். அவர் தன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் சொந்தக்காரர்கள், சாதிக்காரர்கள், தெரிந்தவர்களைச் சேர்த்தார். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் இந்த உரிமமும் கிராம முன்சீப்பின் சரிபார்ப்பும் இறுக்கமாயின. ஆட்கள் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ டிப்போவில் தங்கி, சென்னை அல்லது நாகைத் துறைமுகத்தில் கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, தனிமைப்படுத்தும் முகாமில் நாள் கழித்து, தோட்டத்துக்கு வந்தார்கள். 1907 முதல் தோட்ட முதலாளிகள் கட்டிய குடியேற்ற நிதியிலிருந்து பயணச் செலவு போனது.

இதன் விளைவு உங்களுக்கு மிகவும் பயனுள்ளது: ஒரு தோட்டத்தின் ஒரு லயத்தில் ஒரே வட்டாரத்து ஆட்கள் குவிந்திருந்தார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் ஊர் தெரியாவிட்டாலும், எதிர் லயத்துக்காரரின் ஊர் அவர் பேரனுக்குத் தெரிந்திருக்கலாம். கோர்ட்டுக் கோப்பில் சாட்சியாக வந்தவர், ஜாமீன் நின்றவர், கல்யாணத்துக்கு முன்னின்றவர், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒரே உபயத்தைச் சேர்ந்து செய்தவர் என்று ஒரு பட்டியல் போடுங்கள். அந்தப் பெயர்களின் இன்றைய வாரிசுகள் ராசா, லோபாக், நீலாய், போர்ட்டிக்சன் தாமான்களில் இருப்பார்கள். தோட்டம் விற்று ஆளைப் பெயர்த்தபோது லயம் லயமாகவே அருகருகே குடியேறியவர்கள் அவர்கள். ஐந்து குடும்பங்களைக் கேட்டு மூன்று குடும்பம் முசிறி வட்டாரம் என்றால், நீங்களும் முசிறிப் பக்கம் தேடத் தொடங்கலாம்.

வந்த காலத்தையும் அலையாகப் பாருங்கள். 1926, 1927 ஆண்டுகளில் வந்தவர்கள் மிக அதிகம், ரப்பர் விலை ஏறியிருந்தது. 1930 முதல் 1932 வரை உலக மந்தத்தில் லட்சத்துக்கு மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை மீண்டதும் 1934இல் மறுபடி ஆள் சேர்த்தார்கள். 1938 ஜூனில் பயண உதவியோடு கூலியாட்கள் குடியேறுவதை இந்திய அரசு தடுத்தது. அதன் பின் வந்தவர் சொந்தச் செலவில் வந்தவர்; 1953க்குப் பின் நுழைவு விதிகள் இறுகியதால் அவருக்குப் பாஸ்போர்ட்டும் அனுமதிச் சீட்டும் இருக்கும். "தாத்தா ரஜூலாவில் வந்தார்" என்று வீட்டில் சொன்னால் அது 1926க்குப் பிந்தியது, ஏனென்றால் அந்தக் கப்பல் கட்டப்பட்டதே அந்த ஆண்டுதான். ஆனால் ஊர் போய்த் திரும்பிய இரண்டாம் பயணமாகவும் இருக்கலாம். முதல் பயணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணி, ரயில்வே குடும்பங்களும், மலபாரிலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் வந்தவர்களும் வேறு வழியில் வந்தவர்கள். இந்த முறையை அவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது.

தமிழ்நாட்டில் இறங்கியதும்

பழைய காகிதத்தில் "திருச்சினாப்பள்ளி ஜில்லா" என்று இருந்தால் இன்றைய திருச்சியில் மட்டும் தேடி ஏமாறாதீர்கள். பழைய திருச்சியிலிருந்து கரூரும் பெரம்பலூரும் பிரிந்தன, பெரம்பலூரிலிருந்து அரியலூர். சேலத்திலிருந்து 1965இல் தருமபுரி, 1997இல் நாமக்கல். தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி. தென்னாற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்றானது. விழுப்புரத்திலிருந்து 2019இல் கள்ளக்குறிச்சி. வடஆற்காடு 1989இல் வேலூரும் திருவண்ணாமலையும் ஆனது. தஞ்சாவூரிலிருந்து 1991இல் நாகப்பட்டினம், பிறகு திருவாரூர், மயிலாடுதுறை. ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒரே பெயரில் பத்து ஊர் வரும். பழைய வட்டத்தின் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள்.

ஊரில் முதலில் கேட்க வேண்டியது குலதெய்வத்தை. தோட்டத்துக் குடும்பங்கள் ஊர் மறந்தாலும் குலதெய்வத்தின் பெயரை மறப்பது குறைவு. பிள்ளைக்கு மொட்டை போடும்போது சொல்லிக்கொண்டே வந்திருப்பார்கள். அந்தக் கோயிலின் பங்காளிகள் யார், வரி கட்டுகிற குடும்பங்கள் எவை என்று பூசாரியும் ஊர்ப் பெரியவர்களும் அறிவார்கள். "பினாங்கு போனவர்" என்றோ "மலாய் போனவர்" என்றோ ஒரு தலைமுறையைப் பற்றி அவர்களிடம் பேச்சு இருக்கும். நெகிரி செம்பிலானுக்குப் போனவரையும் அங்கே பினாங்கு போனவர் என்றே சொல்வார்கள்.

அடுத்தது இங்கேயும் கோர்ட்டுதான். பாகப்பிரிவினை வழக்குகளைத் தேடுங்கள். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பிரிக்க வழக்குப் போட்டால் பங்குள்ள எல்லாரையும் தரப்பினராகச் சேர்க்க வேண்டும்; கடல் கடந்து போன அண்ணனையும் விட முடியாது. பிராதோடு வம்சாவளி எழுதி இணைப்பது வழக்கம். மூன்று தலைமுறைப் பெயர்கள் ஒரே தாளில், யார் யாருக்குப் பிறந்தார், யார் பிள்ளையில்லாமல் இறந்தார் என்ற குறிப்போடு இருக்கும். அந்தப் பகுதி முன்சீப் கோர்ட்டிலும், மேல்முறையீடு போயிருந்தால் மாவட்டக் கோர்ட்டிலும் கேளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த நிலத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டால் விற்றவர், வாங்கியவர் பெயர்கள் வரும். மலாயாவில் சம்பாதித்து ஊரில் நிலம் வாங்கிய கங்காணிகள் இதில் தெரிவார்கள். கிராமப் பிறப்பு, இறப்புக் கணக்கு கிராம முன்சீப்பிடம் இருந்தது; 1980இல் அந்தப் பதவிகள் ஒழிந்தபின் பழைய ஏடுகளைத் தாலுகா அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். நில அளவை, ஜமாபந்திக் காலத்துப் பெரிய தொகுப்புகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

போகும்போது கையில் எடுத்துப் போக வேண்டியவை: கோர்ட்டுக் கோப்பின் நகல், பெயர்களின் தமிழ் எழுத்துப் பட்டியல், தாத்தா பாட்டியின் புகைப்படம், உங்கள் பாஸ்போர்ட். ஊரில் இறங்கியதும் சொத்துக்காக வரவில்லை என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பயம் தீர்ந்தால்தான் பங்காளிகள் வாய் திறப்பார்கள். சாதி பற்றிய கேள்வி நிச்சயம் வரும், ஏனென்றால் தெருவும் கோயிலும் அதன்படிதான் பிரிந்திருக்கும். விடை தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். யாரையும் அதை வைத்து அளக்க வேண்டாம்.

கடைசியாக, திரும்பிப் போன கிளைகள். மந்த காலத்தில் கப்பலேற்றப்பட்டவர்கள், 1969க்குப் பின் வேலை அனுமதி கிடைக்காமல் குடியுரிமையற்றவர்களாக ஊர் திரும்பியவர்கள் என்று ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் ஒரு கிளை தமிழ்நாட்டில் தங்கிவிட்டது. பாட்டியின் தங்கை, பெரியப்பாவின் முதல் பிள்ளை என்று பெயர் மட்டும் இங்கே நிற்கும். அவர்களைத் தேட, பழைய கடிதங்களின் உறைகளைப் பாருங்கள். தபால் முத்திரையில் அஞ்சலகத்தின் பெயர் இருக்கும். அந்த அஞ்சலகத்துக்கு உட்பட்ட ஊர்கள் சிலதான். கடிதம் வருவது நின்ற ஆண்டைக் குறித்துக்கொண்டு, அந்த ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியருக்கும் தமிழில் ஒரு பக்கக் கடிதம், புகைப்பட நகலோடு, உங்கள் கைத்தொலைபேசி எண்ணைச் சேர்த்து அனுப்புங்கள்.